"நான் கப்பல்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"



ஏப்ரல் மாதம் மகள் குடும்பத்தோடு கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் போய் வந்த படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "டீச்சர், எவ்வளவு ஆச்சு?" "பெரியம்மா, தலை சுத்தலையா?" "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனீங்க?" என்று ஆளுக்கு ஒன்று. தனித்தனியாகப் பதில் தட்டினால் விரல் வலிக்கிறது. அதனால் ஒரே பதிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு வாய் காபி வைத்துக்கொண்டு படியுங்கள்.

கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது ஒரு பெரிய ஓட்டல், தண்ணீரில் நிற்கிறது. வேளாவேளைக்குச் சாப்பாடு, லிஃப்ட், நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு. உண்மையில் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. கப்பல் தினம் ஒரு தீவில் நிற்கும். காலையில் இறங்கி, மாலைக்குள் ஏறிவிட வேண்டும். நடுவில் கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்தில் எங்கே போவது? இதற்குக் கரைச் சுற்றுலா என்று பெயர். இதைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல குடும்பங்களில் முகம் தூக்கல் நடக்கிறது. உங்களில் நிறையப் பேர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறீர்கள். அப்பா அம்மாவை வரவழைத்து இப்படி அழைத்துப் போக நினைப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

நாங்கள் ஏழு பேர். நான், எங்கள் வீட்டுக்காரர், மகள், மாப்பிள்ளை, எட்டாவது படிக்கும் பேத்தி, இரண்டாவது படிக்கும் பேரன், அப்புறம் சம்பந்தியம்மா. சம்பந்தியம்மாவுக்கு 72 வயது, காரைக்கால் பக்கம். சம்பந்தி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவர்களுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், கையில் கோல் உண்டு. வளைந்து வளைந்து போகிற பேருந்தில் ஏறினால் வாந்தி.

புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏறினோம். அங்கிருந்து செயின்ட் தாமஸ், செயின்ட் கிட்ஸ், குவாதலூப், செயின்ட் லூசியா, பார்படோஸ் என்று ஐந்து தீவு. பிறகு ஒரு நாள் முழுக்கக் கடல். மறுநாள் காலை மீண்டும் சான் ஹுவான்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ராத்திரி, சாப்பாட்டு மேசையில் மகள் மடிக்கணினியைத் திறந்து கப்பல் கம்பெனியின் பட்டியலைக் காட்டினாள். ஒரு தீவுக்கே முப்பது நாற்பது சுற்றுலா. அருவி, எரிமலை, கம்பியில் தொங்கிப் போவது, நீர்மூழ்கி, ரம் தொழிற்சாலை! பேத்திக்கு ஆமையோடு நீந்த வேண்டும். பேரனுக்கு ரயில். மாப்பிள்ளைக்கு மலை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட். ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே சம்பந்தியம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "எனக்கு எதுவும் போட வேணாம்மா. நான் கப்பல்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரி அத்தை, பாத்துக்கலாம்" என்று மகள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். அவள் மேல் தப்பில்லை. பெரியவர்கள் அப்படிச் சொல்வதும், பிள்ளைகள் அப்படியே விட்டுவிடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஆனால் எனக்கு அந்தக் குரல் பழக்கமான குரல். 34 வருடம் பள்ளிக்கூடத்தில் கேட்ட குரல். பூம்புகாருக்கோ தரங்கம்பாடிக்கோ சுற்றுலா என்று அறிவித்து, ஆளுக்கு இவ்வளவு பணம் என்று சொன்ன மறுநாள் காலையில், கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து சொல்லும்: "எனக்கு பஸ்ஸுன்னா வயித்த பொரட்டும் டீச்சர், நான் வரல." வயிறு புரட்டுவது அல்ல விஷயம் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தன்னால் அடுத்தவருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று, யாரும் கேட்பதற்கு முன்பே தன்னைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கிற குரல் அது. பத்து வயதிலும் எழுபது வயதிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது.

நான் எழுந்து போய் பேரனுடைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தேன். கால அட்டவணை போட்டால்தான் எனக்கு எதுவும் ஓடும். இரண்டே விதி சொன்னேன்.

ஒன்று, ஒரு தீவு ஒருவருடைய நாள். அன்றைக்கு அவர் ஆசைதான். மற்றவர்கள் கூடப் போக வேண்டும், முணுமுணுக்கக் கூடாது. எல்லாருக்கும் பிடித்த ஒன்றைத் தேடினால், யாருக்கும் பிடிக்காத ஒன்றில்தான் போய் நிற்போம்.

இரண்டு, போகிற இடத்தில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். நம்மில் மெதுவாக நடப்பவர் நிழலில் உட்கார்ந்து, நடப்பதைப் பார்க்க முடியாத இடம் என்றால் அது வேண்டாம். பேத்தி இதற்கு "நாற்காலி ரூல்" என்று பெயர் வைத்துவிட்டாள்.

"அப்போ அப்பாயி நாள் எது?" என்று பேரன் கேட்டான். சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே, "எனக்கென்னடா நாளு, எனக்கு என்ன தெரியும் அந்த ஊர்ல" என்றார்கள். நான் நோட்டில் குவாதலூப் பக்கத்தில் அவர்கள் பெயரை எழுதினேன். ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

இனி ஒவ்வொரு நாளாகச் சொல்கிறேன்.

முதல் நாள் செயின்ட் தாமஸ், பேத்தியின் நாள். படகில் நடுக்கடல் போய்க் குதிக்கும் சுற்றுலாக்கள் பல இருந்தன. படகு ஆடினால் அப்பாயிக்கு ஆகாது. அதனால் கோக்கி கடற்கரையைப் பிடித்தோம். கரையிலிருந்து சில அடியிலேயே வண்ண மீன்கள். பக்கத்திலேயே கோரல் வேர்ல்ட் என்ற கடல் உயிரினப் பூங்கா. பேத்தியும் மாப்பிள்ளையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்த, நாங்கள் பூங்காவில் ஆமையையும் சுறாவையும் நின்றபடி பார்த்தோம். கால் வலித்தால் உட்கார இடம் இருந்தது.

தரங்கம்பாடிக்கு என்னோடு வந்த பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். அங்கே டேனிஷ் கோட்டை பார்த்தோமே, நினைவிருக்கிறதா? 1620இல் கட்டியது, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள் என்று போர்டில் எழுதிப் போட்டேனே. அதே டென்மார்க்காரர்கள்தான் செயின்ட் தாமஸையும் ஆண்டார்கள். 1917இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றார்கள். ஊருக்குள் இன்னமும் அவர்கள் வைத்த தெருப் பெயர்கள், சிவப்புச் சாயம் பூசிய ஒரு கோட்டை. நம் ஊர்க் கடற்கரைக்கு வந்தவர்கள் இங்கேயும் வந்து கடை விரித்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் செயின்ட் கிட்ஸ், பேரனின் ரயில். கரும்பை ஆலைக்கு ஏற்றிப் போக 1912இல் தொடங்கி 1926 வரை போட்ட குறுகிய பாதை அது. 2005இல் தீவின் சர்க்கரை ஆலை மூடப்பட்டுவிட்டது. இப்போது அந்தப் பாதையில் மனிதர்கள் போகிறார்கள். பாதி வட்டத்துக்கு மேல் ரயில், மீதி பேருந்து, மொத்தம் மூன்று மணி நேரம். மேல் தட்டில் திறந்தவெளி, கீழ் தட்டில் ஏசி போட்ட இருக்கை. சம்பந்தியம்மா கீழே சன்னல் ஓரம். வண்டியிலேயே ஒரு குழு வந்து பாட்டுப் பாடியது. வழியில் நின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் பேரன் கையாட்டினான். கடல், காடு, இடிந்து நிற்கும் பழைய ஆலைப் புகைபோக்கி எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். முட்டி வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

அந்தக் கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே பேத்தியிடம் சொன்னேன். இந்தத் தீவுகளில் கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கொண்டு வந்தார்கள். பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை ஆனவர்கள் மறுபடி அதே கொல்லைக்கு வர விரும்பவில்லை. கரும்புக்கு ஆள் வேண்டும். எங்கே போய்த் தேடினார்கள் தெரியுமா? "நாளைக்குச் சொல்றேன்" என்று நிறுத்திவிட்டேன். வகுப்பில் மணி அடிக்கும்போது கதையை நிறுத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

மூன்றாம் நாள் குவாதலூப். பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. பணம் யூரோ, பேச்சு பிரெஞ்சும் கிரியோலும். எங்கள் கப்பலின் பட்டியலில் அருவி இருந்தது, கடற்கரை இருந்தது, ரம் இருந்தது. நான் தேடியது இல்லை. அதனால் மாப்பிள்ளை முன்கூட்டியே மின்னஞ்சலில் ஆங்கிலம் தெரிந்த ஒரு டிரைவரைப் பிடித்து வேன் ஏற்பாடு செய்தார். பாயின்ட்-ஆ-பித்ர் துறைமுகத்திலிருந்து கபெஸ்தேர் என்ற ஊர், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நல்ல சாலை, கொண்டை ஊசி வளைவு இல்லை.

சாலை ஓரத்தில் வண்ண வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில் தெரிந்தது. சம்பந்தியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "இது என்ன, நம்ம கோயில் மாதிரி இருக்கு?"

"மாரியம்மன் கோயில் சம்பந்தியம்மா. உங்க ஊர்ப் பக்கத்துலேந்து வந்தவங்க கொண்டாந்த சாமி."

1854 டிசம்பர் 24 அன்று முதல் கப்பல் இந்தத் தீவுக்கு வந்தது. அதற்குப் பின் 1889 வரை 42,000 பேருக்குமேல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்டார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் அதில் நிறைய. தமிழ் பேசிய குடும்பங்கள் ஏராளம். இன்று அவர்கள் வழி வந்தவர்கள் பிரெஞ்சு பேசுகிறார்கள். ஆனால் பூசையில் தமிழ்ப் பாட்டு இருக்கிறது. பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதே கபெஸ்தேரில் 1863இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். பெயரைப் பாருங்கள்! இந்திய வம்சாவளியினருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களின் உரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கை 1923 வரை நடத்தி முடித்தவர்.

கருவறை சாத்தியிருந்தது. வெளி வாசல் திறந்திருந்தது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. டிரைவர் நடுவில் நின்று கொஞ்சம் சொன்னார். சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டு வந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்கள். அந்த அம்மா அதை வாங்கி, முகர்ந்து பார்த்து, நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, சம்பந்தியம்மாவுக்கு நிழலில் போட்டார். "அம்மாச்சி, நாற்காலி ரூல்!" என்று பேத்தி என் காதில் சொன்னாள்.

சம்பந்தியம்மா அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை. வேனில் ஏறிய பிறகுதான் பேசினார்கள்: "காரைக்கால்லேந்து கெளம்புனப்ப, திரும்பி வருவோம்னுதானே நெனைச்சிருப்பாங்க." அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. பேத்தி மட்டும் அப்பாயியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் செயின்ட் லூசியா. இது மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். சூஃப்ரியேர் பக்கத்தில் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் இரண்டு மலைகள், பிட்டன்ஸ் என்று பெயர், 2004 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை. சாலை வழியே போனால் ஒரே வளைவு. கடல் வழியே போனால் நாள் முழுக்கப் படகு. எப்படிப் போனாலும் நாற்காலி விதிக்கு ஒத்துவராது. வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று ஓடுகிற அந்த இருவரும் தனியாக ஒரு நாள் வெளியே போய் எத்தனை வருடம் ஆயிற்றோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, சம்பந்தியம்மா முந்திக்கொண்டார்கள்: "பிள்ளைங்கள நாங்க பாத்துக்கிறோம். நாங்க கப்பல்ல இருக்கோம், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அதே வாக்கியம்தான். ஆனால் இந்த முறை அது விலகிக்கொள்ளும் குரல் இல்லை, கொடுக்கும் குரல். கேட்டுப் பழகினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

அன்று மேல் தளத்தில் பேரப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வகுப்பும் எடுத்தேன். இந்தக் குட்டித் தீவு இரண்டு நோபல் பரிசுக்காரர்களைத் தந்திருக்கிறது. பொருளாதாரத்துக்கு 1979இல் ஆர்தர் லூயிஸ், இலக்கியத்துக்கு 1992இல் டெரக் வால்காட். இருவர் பிறந்த நாளும் ஜனவரி 23. "நம்ம ஊர் பெருசா சின்னதாங்கிறது கணக்கே இல்லடா" என்று பேரனிடம் சொன்னேன். அவன் ஐஸ்கிரீமில் கவனமாக இருந்தான்.

ஐந்தாம் நாள் பார்படோஸ், எங்கள் வீட்டுக்காரர் நாள். பட்டியலில் குகை இருந்தது, கடற்கரை இருந்தது. அவருக்குக் கென்சிங்டன் ஓவல் தவிர எதுவும் வேண்டாம். துறைமுகத்திலிருந்து டாக்சியில் கொஞ்ச தூரம்தான். வெளியே சோபர்ஸ் சிலை. அதற்கு முன் நின்று என்னை ஏழு படம் எடுக்க வைத்தார். காவலர் நல்ல மனிதர். பத்து நிமிடம் உள்ளே போய்ப் பார்க்க விட்டார். 1997இல் 120 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் நம்மவர்கள் 81க்குச் சுருண்ட மைதானம் அது. அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை. 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பை வாங்கியதும் அதே மைதானம்தான். சூர்யகுமார் எல்லைக் கோட்டில் பிடித்த கேட்ச் எந்தப் பக்கம் என்று பேரனுக்கு விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். குரல் கொஞ்சம் கம்மியது. சம்பந்தியம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனால் காலரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நல்லா காத்து வருதுங்க" என்றார்கள்.

கடல் நாள் என்னுடைய நாள். என்னை யாரும் எங்கும் கூப்பிடக் கூடாது என்பதே என் ஆசை. நிறைவேறியது.

இனி, போகப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. நேரத்தைக் கழித்துப் பாருங்கள். கப்பல் காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கும் என்றால் ஒன்பது மணி நேரம் என்று நினைக்காதீர்கள். இறங்க அரை மணி. கிளம்புவதற்கு அரை மணி முன்பே ஏறிவிட வேண்டும். உங்கள் பாதுகாப்புக்கு இன்னும் ஒரு மணி. மீதி ஏழு. போக ஒன்றரை, வர ஒன்றரை, சாப்பிட ஒன்று என்றால், பார்க்க மூன்று மணிதான். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.

2. தூரமான இடம் என்றால் கப்பல் கம்பெனி மூலமே பதிவு செய்யுங்கள். அவர்கள் வண்டி தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த வண்டி தாமதமானால் காத்திருக்காது. பக்கத்து இடம், நல்ல சாலை என்றால் சொந்த ஏற்பாடு மலிவு. அப்போதும் இரண்டு மணி நேரம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

3. விலை ஆள் கணக்கு. ஒருவருக்கு 100 டாலர் என்றால் ஏழு பேருக்கு 700. அதே இடத்துக்கு ஒரு வேன் என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

4. விளக்கத்தில் படத்தைப் பார்க்காதீர்கள், சின்ன எழுத்தைப் படியுங்கள். எவ்வளவு நடை, எத்தனை படி, கழிப்பறை உண்டா, வயது வரம்பு, எடை வரம்பு எல்லாம் அதில் இருக்கும்.

5. சில துறைகளில் கப்பல் கரையை ஒட்டாது. சின்னப் படகில் இறங்கிப் போக வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் இதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கைக்கடிகாரம் கப்பல் நேரத்திலேயே இருக்கட்டும். கைபேசி கரை நேரத்துக்குத் தானாக மாறிவிடலாம்.

7. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோருக்கு, அமெரிக்காவுக்குப் பல முறை நுழையும் விசா இருக்க வேண்டும். ஒவ்வொரு தீவின் விசா விதியையும் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

8. அன்றாட மாத்திரை கைப்பையில். தண்ணீர், தொப்பி, பிஸ்கட். கரையில் பழம் போன்ற உணவைக் கப்பலிலிருந்து கொண்டு இறங்க விட மாட்டார்கள். பாக்கெட் பிரிக்காத தின்பண்டம் நல்லது.

9. வண்டியில் ஏறும்போதெல்லாம் தலை எண்ணுங்கள். நான் எண்ணினேன். மாப்பிள்ளை உள்பட எல்லாரும் "உள்ளேன் அம்மா" சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. பட்டியலைத் திறப்பதற்கு முன், வீட்டில் யார் "எனக்கு எதுவும் வேணாம்" என்று சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களுக்குத்தான் முதலில் ஒரு நாளை எழுதி வையுங்கள். அவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால், அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை வைத்துத் தேடுங்கள். கிடைக்கும். வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் கடைசி வரிசைப் பிள்ளைகளும் கேட்கவில்லை. நீங்கள்தானே அது, உங்களில் சிலருக்காவது தெரியும்.

பயணம் போகிறவர்கள் பத்திரமாகப் போய் வாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாரும் நல்லா இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்